பத்து நாளா, எட்டு வாரமா? நற்கடைப்பிடிக்கு மூன்று வாசல்கள்

சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை கணவருக்கு ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை. அவர் போய்ப் பார்த்த மருத்துவர், “மைண்ட்ஃபுல்னெஸ் பழகுங்கள்” என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிட்டார். இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி அது. எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. “மச்சான், பத்து நாள் லீவு போட்டு மௌனமாக உட்கார வேண்டுமா, வாரம் ஒரு வகுப்பு போதுமா, இல்லை போனில் இருக்கிற ஆப்பே போதுமா?” என்று அவர் என்னிடம் கேட்டார். முதல் இரண்டையும் நான் முடித்தவன், மூன்றாவதைப் பாதியில் விட்டவன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

மூன்றுக்கும் வேர் ஒன்று. பாலி மொழியில் ‘சதி’ என்றும் வடமொழியில் ‘ஸ்மிருதி’ என்றும் வழங்கும் சொல்லை 1881-இல் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று பெயர்த்தார். தமிழில் சதி என்றால் சூழ்ச்சி ஆகிவிடும். நல்லவேளையாக, புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தைத் தமிழில் எழுதியவர்கள் அதற்கு நற்கடைப்பிடி என்று பெயர் வைத்தார்கள். கடைப்பிடி என்பதற்குப் பழைய உரைகாரர்கள் ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று பொருள் சொல்கிறார்கள். மனத்தை வெறுமையாக்குவது என்று இப்பயிற்சியைப் பற்றிப் பலர் நினைத்திருப்பது தவறு என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

பயிற்சி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதையும் தமிழிலேயே காட்டலாம். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதாக மணிமேகலை அடுக்கும் பன்னிரு சார்புகளில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. புலனில் ஒன்று படுகிறது, அது இனிதாகவோ இன்னாததாகவோ உணரப்படுகிறது, உடனே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மனம் பாய்கிறது, பிறகு அதையே பிடித்துக்கொள்கிறது. இங்கே நுகர்வு எனப்படுவது பாலியில் ‘வேதனா’. நம் பேச்சில் வேதனை துன்பமாகச் சுருங்கிவிட்டதால், விபாசனா எனப்படும் பத்து நாள் பயிற்சியின் உரைகளைத் தமிழில் கேட்பவர்கள் முதல் நாளிலேயே தடுமாறுகிறார்கள். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அங்கே நிற்கப் பழகலாம் என்பதே பௌத்தம் சொல்வது. மனச்சோர்வு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆராய்ந்த சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: சிறு வருத்தம் ஒன்று பழைய எண்ணச் சங்கிலியை இழுத்துவிடுகிறது, அந்த இழுப்பைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்பவர் அதனோடு போகாமல் இருக்க முடிகிறது.

இனி வேறுபாடுகள். சென்னைக்காரர்களுக்குப் பத்து நாள் பயிற்சி என்றால் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்ற விபாசனா மையம். மியான்மரில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்ற கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை இது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு, கைப்பேசி, புத்தகம் எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்கிறோம், நான்காம் நாள் முதல் உடல் முழுவதும் எழும் உணர்ச்சிகளை. ஒரு மணி நேரம் அசையாமல் அமரும் அமர்வுகள் அதன் பிறகுதான் தொடங்கும். என் வலது முழங்காலில் எரிச்சலாகத் தொடங்கியது, நாற்பதாவது நிமிடத்தில் சூடாகி, துடிப்பாகி, பின் துண்டு துண்டாக உதிர்ந்தது. வலி என்று ஒரே பெயரிட்டு நான் அஞ்சியது உண்மையில் பல உணர்ச்சிகளின் கூட்டம் என்பது எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. உணவுக்கும் தங்கலுக்கும் கட்டணம் இல்லை, முடித்தவர் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் விண்ணப்பத்திலேயே மனநோய் பற்றிக் கேட்கிறார்கள், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. இந்த எச்சரிக்கையை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீவிரப் பயிற்சியில் சிலருக்குப் பதற்றமும் பழைய அதிர்ச்சிகளும் கிளம்புவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

எட்டு வார வகுப்பை 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கினார். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், இடையில் ஒரு முழு நாள். முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்துப் பல நிமிடம் பார்க்கவும் முகரவும் சொன்னார்கள். பாயசத்தில் அள்ளிப் போடுகிற கிஸ்மிஸுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் சிரித்தது உண்மை. மனச்சோர்வுக்கென்று இந்த வகுப்பிலிருந்து வளர்ந்த வடிவத்தை, மூன்று முறையோ அதற்கு மேலோ சோர்வுற்றவர்களுக்கு 2004-இலேயே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. 9 சோதனைகளில் பங்கேற்ற 1,258 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான ஆய்வில், 60 வாரங்களுக்குள் மனச்சோர்வு திரும்பியவர்கள் இப்பயிற்சி பெற்றவர்களில் 38 சதவீதம், பெறாதவர்களில் 49 சதவீதம். பதற்ற நோய்களுக்கு எட்டு வார வகுப்பும் எசிட்டாலோபிராம் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்ததாக, 276 பேரிடம் செய்து 2022-இல் வெளியான சோதனை சொல்கிறது. அதே நேரம், 47 சோதனைகளை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு, உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் முடித்தது. விளம்பரங்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

சான்றின் கனத்தில் வகுப்பு முந்துகிறது. பத்து நாள் பயிற்சியில் இருந்து வகுப்பில் காணாமல் போனது சீலம். திருமுடிவாக்கத்தில் ஐந்து ஒழுக்கங்களை ஏற்ற பிறகுதான் மூச்சையே கற்பிக்கிறார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவமனைக்குள் நுழைய வேண்டுமானால் அப்படித்தான் இருக்க முடியும் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும், வேலைக்காரரை இரவு பதினொரு மணி வரை உட்காரவைக்கும் அலுவலகம் அதே வேலைக்காரருக்கு மதிய இடைவேளையில் மன அமைதி வகுப்பு நடத்துவது இந்த வெட்டின் விளைவுதான் என்று நினைக்கிறேன்.

செயலியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கற்றதை நினைவூட்டும் மணியாக அது பயன்படும். தவறாகச் செய்கிறோமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எந்தக் கருவி தூக்கத்தைக் கெடுத்ததோ அதையே படுக்கைக்கு எடுத்துப்போவதும் சரியாகப் படவில்லை.

தங்கை கணவருக்கு நான் முதலில் சொன்னது இந்த மூன்றிலும் சேராத ஒன்று: நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவதற்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஆகவே முதலில் ஓர் உளவியலாளரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் பழக விருப்பம் இருந்தால் எட்டு வார வகுப்பு. குடும்பமும் வேலையும் அப்படியே இருக்க, அவற்றின் நடுவே பழகியதுதான் அவற்றின் நடுவே நிற்கும் என்பது என் அனுபவம். பத்து நாள் பயிற்சி, தூக்கத்துக்காக அன்றி, புத்தர் காட்டிய வழியான தம்மத்துக்காகவே போகத் தோன்றும் நாளில். இப்போது அவர் உளவியலாளரிடம் மூன்று அமர்வுகள் முடித்திருக்கிறார். வகுப்பில் கற்ற மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியை, மின்சார ரயில் கிண்டியை விட்டுச் சைதாப்பேட்டையில் நிற்பதற்குள், கம்பியைப் பிடித்து நின்றபடியே நான் செய்துகாட்டினேன். அவர் அதைச் செய்து முடிக்க, இறங்க வேண்டிய மாம்பலம் வரை ஆனது.