லியோனைப் பிடிக்க யார் போவார்? நியாயத்துக்குக் கிரேக்கர் சொன்ன காரணங்கள்

கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஏதென்ஸ், முப்பது கொடுங்கோலர்களின் கையில் சிக்கியது. சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரும்படி அவர்கள் ஐந்து பேருக்கு ஆணையிட்டார்கள். நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் மட்டும் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மனிதர் ஏன் நியாயமாக நடக்கிறார்கள் என்பதற்கான விளக்கங்களை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

சாக்ரடீஸின் மாணவர் பிளாட்டோ எழுதிய 'குடியரசு' நூலில், பிளாட்டோவின் சகோதரர் கிளாக்கன் ஊரார் எண்ணத்தைத் தம் வாதமாக முன்வைக்கிறார். நியாயம் என்பது பலவீனர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஆளை மறைக்கும் மோதிரம் கிடைத்தால், அப்படியொரு மோதிரத்தால் அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்ததாக அவர் கதை சொல்லும் லிடியா நாட்டு மேய்ப்பனைப் போலத்தான் எவரும் நடப்பார்கள். போன நான்கு பேரின் நடத்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஐந்தாமவருக்குப் பொருந்தவில்லை.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து வந்த தத்துவஞானி எபிக்யூரஸ் நியாயத்தை அச்சத்தோடு இணைத்தார். தவறு செய்தவன் எத்தனை முறை தப்பினாலும் சாகும்வரை தப்புவோம் என்று நம்ப முடியாது. அந்தக் கலக்கமே தண்டனை. மோதிரக் கதைக்கு இது கூர்மையான பதில். ஆனால் முப்பதின்மர் ஆட்சியில் அச்சம் எதிர்ப்பக்கம் நின்றது. பணிந்தவர் நிம்மதியாகத் தூங்கலாம்; மறுத்தவர்தான் கதவு தட்டப்படுமோ என்று நடுங்கவேண்டும். அந்த ஆணை நியாயமற்றது என்று எபிக்யூரஸும் சொல்லியிருப்பார். உயிரைப் பணயம் வைத்து மறுக்க என்ன காரணம் என்றால் அவரிடம் பதில் மெலிந்துவிடுகிறது.

பிளாட்டோவின் பதில்தான் இங்கே நிற்கிறது. அறிவு, வீரம், ஆசை மூன்றும் தத்தம் வேலையைச் செய்வதே ஆன்மாவின் நலம். அநியாயம் அதன் நோய். அந்த நோயை வாங்கிக்கொண்டு உயிர் வாழ்வதில் சாக்ரடீஸ் லாபம் காணவில்லை. உள்ளம் சீராக இருப்பவன் பிறருக்குத் தீங்கு செய்யமாட்டான் என்று எப்படி உறுதி சொல்வது என்ற கேள்வியைப் பிளாட்டோ முழுதாகத் தீர்க்கவில்லை என்பது உண்மைதான்.

காரணம் தெரிந்தாலும் துணிவு எங்கிருந்து வரும்? நியாயமானதைச் செய்து செய்தே நியாயவான் ஆகிறோம் என்றார் அரிஸ்டாட்டில். கி.மு. 406இலேயே சாக்ரடீஸ் ஒருமுறை மறுத்திருந்தார்: அர்கினூசே கடற்போர்த் தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒட்டுமொத்தமாக விசாரிக்கக் கூட்டம் கொந்தளித்தபோது, அவர் உடன்படவில்லை. ஆனாலும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பலனைக் கணக்குப் பார்ப்பவராக இருந்திருந்தால், லியோன் விஷயத்தில் அவர் மறுபடி மறுத்திருக்கமாட்டார்.