மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைந்த ஆலோசகர்

திருச்சியில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கு நானும் கணவரும் ஆறு முறை போய்வந்தோம். ஓர் அமர்வு 50 நிமிடம், கட்டணம் 900 ரூபாய்.

மாமியார் எங்களோடு தங்க வந்த பிறகு வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. யார் பக்கம் தவறு என்று தீர்ப்புச் சொல்வார்கள் என எண்ணித்தான் போனேன். ஆலோசகர் அம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையை வரைந்தார். மனக்கசப்புள்ள உறவுகளுக்கு நடுவே நெளிந்த கோடு. தனக்கும் தன் அப்பாவுக்கும் இடையே அந்தக் கோடு விழுந்ததும், கணவர் பேனாவை வாங்கி அதை இன்னொரு முறை அழுத்திப் போட்டார். பதினோரு வருடத்தில் அவர் அப்பாவைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

நான்காம் அமர்வுக்கு மாமியாரும் வந்தார். கணவரின் தூக்கமின்மைக்குத் தனி அமர்வு. மனத்தில் ஓடுவதைத் தினமும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும், இங்கே எழுதித் தர மாட்டார்கள்.

ஒரு குறை மனத்தை மிகவும் வருத்தியது. ஆலோசனை அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பு வெறும் பலகை. உள்ளே ஒரு பெண் அழுதது காத்திருந்த எங்களுக்குக் கேட்டது. இதை அவர்கள் உடனே சரிசெய்ய வேண்டும்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.