128 ஜிபியுடன் மூன்று ஆண்டுகள், 256 ஜிபியுடன் ஓராண்டு

2021 அக்டோபரில் நான் வாங்கிய கைபேசியின் சேமிப்பிடம் 128 ஜிபி. பழைய கைபேசியைக் கொடுத்துவிட்டு, கேரியர் எனப்படும் கைபேசிச் சேவை நிறுவனத்தின் கடையில் 36 மாதத் தவணைக்கு எடுத்தது. 2024 நவம்பரில் வாங்கியது 256 ஜிபி. அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலேயே முழுத் தொகையும் செலுத்தி, வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி கேரியர் போடும் பூட்டு எதுவும் இல்லாத அன்லாக்டு கைபேசியாக வாங்கினேன். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. மாடல் பெயரைச் சொன்னால் பேச்சு உடனே கேமராவுக்கும் பேட்டரிக்கும் போய்விடும் என்பதால் அதை விட்டுவிட்டு, இந்த நான்காண்டுகளில் சேமிப்பிடம் எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில் இருக்கும் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது 256 ஜிபி வாங்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். கடைக்காரர் தம் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையிருப்பில் 128 மட்டுமே இரண்டு நிறங்களில் இருப்பதாகவும், 256 வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் ஆகும் என்றும், ஆனால் சலுகை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்றும் சொன்னார். சலுகையோ 800 டாலர். அதையும் மொத்தமாகக் கழிக்க மாட்டார்கள், மாதம் 22 டாலர் 22 சென்ட் வீதம் 36 பில்களில் வரவு வைப்பார்கள், நடுவில் விலகினால் மீதி வரவு நின்றுவிடும். கவுண்டரில் ஒட்டியிருந்த பழைய கைபேசி மதிப்பு அட்டவணையில் மாடல் பெயர்கள் மட்டுமே இருந்தன. கொள்ளளவுக்கு அதில் ஒரு பத்தி கூட இல்லை. அதாவது, முன்பு கூடுதலாக நூறு டாலர் கொடுத்து அதிக ஜிபி வாங்கியவருக்கும், அடிப்படைக் கொள்ளளவு வாங்கியவருக்கும் திரும்பக் கிடைப்பது ஒரே தொகை. இதை அன்றைக்கே கவனித்தும், 128 போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டேன்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மாடலுக்கு இரண்டு திரை அளவு, நான்கு நிறம், மூன்று கொள்ளளவு என்றால் 24 விதமான பெட்டிகள் ஆகின்றன, அத்தனையையும் ஒவ்வொரு கிளையிலும் அடுக்கி வைத்தால் பணம் அலமாரியில் முடங்கிவிடும் என்பதால் வேகமாக நகரும் அடிப்படைக் கொள்ளளவைத்தான் அவர்கள் நிறைய வைக்கிறார்கள். அலமாரியில் இருப்பதால் அது விற்கிறது. விற்பதால் மக்களுக்கு அதுவே போதும் என்று கணக்கு எழுதப்படுகிறது. பெரிய கொள்ளளவுக்கான தேவை எவ்வளவு என்பதை விற்பனை எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்று நான் நினைப்பதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் ஐபோன் என்றால் 16 ஜிபி 199 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் 100 டாலர் கூடுதல். 2014இல் வந்த ஐபோன் 6இல் 16, 64, 128 என்று மூன்று படிகள் இருந்தன. பலருக்கும் பொருந்தியிருக்கக்கூடிய 32 மட்டும் இல்லை. 16 ஜிபி வைத்திருந்தவர்களில் பலரால் அவ்வாண்டு ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 புதுப்பிப்பைக் கூட நேரடியாக இறக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்கே ஏறத்தாழ 5 ஜிபி காலி இடம் தேவைப்பட்டது. அன்லாக்டு பக்கமும் தொடக்கத்தில் தாராளமாக இல்லை. 2012இல் கூகுள் விற்ற நெக்ஸஸ் 4இன் விலை 299 டாலர் என்றதும் ஆசையாகப் பார்த்தவர்கள், அது 8 ஜிபி, மெமரி கார்டு செருகும் இடமும் கிடையாது என்றதும் தயங்கினார்கள். 16 ஜிபிக்கு 349 டாலர். 2014இல் ஒன்பிளஸ் அதே 349 டாலருக்கு 64 ஜிபி தந்தபோதுதான், இடத்துக்கு வாங்கப்படும் கூடுதல் விலை எவ்வளவு தூரம் நிறுவனத்தின் விருப்பம் என்பது பலருக்கும் புரிந்தது.

என் 128 ஜிபிக்கு வருகிறேன். முதல் ஆண்டு எந்தக் குறையும் தெரியவில்லை. 21ஆம் மாதத்தில் நான் குறித்து வைத்த கணக்கு இது: படங்களும் காணொளிகளும் 61 ஜிபி, வாட்ஸ்அப் 19, செயலிகள் 17, இயங்குதளம் 16, இறக்கி வைத்த வரைபடங்களும் பாடல்களும் 6. கூட்டினால் 119; காலி இடம் 9 ஜிபி. வாட்ஸ்அப்பின் 19 ஜிபியில் பெரும்பகுதி, உறவினர் குழுக்களில் விடிந்ததும் வந்து விழும் காலை வணக்கப் படங்களும், ஒரே காணொளியின் ஐந்து பிரதிகளும்தான். அவற்றை அழிப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

இடம் குறைந்தபோது கைபேசி மந்தமாகவும் ஆகியது. படம் எடுத்துவிட்டு அதைத் திறந்தால் ஒரு நொடி இரண்டு நொடி மங்கலாகவே நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே அதில் எழுத முடியும். காலித் தொகுதிகள் நிறைய இருக்கும்வரை இந்த வேலை பின்னணியில் சத்தமில்லாமல் நடக்கும். நிரம்பி வழியும்போது, ஒவ்வொரு முறை எழுதுவதற்கும் முன்னால் ஏற்கெனவே இருப்பதை அங்குமிங்கும் நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருக்கும். நெரிசலான சமையலறையில் ஒரு பாத்திரம் வைப்பதற்கு நான்கு பாத்திரத்தை நகர்த்துவதைப் போல.

2023 ஜூலையில் என் மாமனாரின் சதாபிஷேகத்துக்காகத் திருக்கடையூர் சென்றிருந்தோம். சென்னையில் இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டால் அது வேலை செய்யவில்லை. தவணை முழுவதும் கட்டி முடிக்காத கைபேசிக்குப் பூட்டுத் திறப்பதில்லை என்பது எங்கள் கேரியரின் விதி. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து டேட்டாவை அணைத்து வைத்திருந்தேன். தங்கியிருந்த விடுதியின் வைஃபையில் ஒரு படம் இணையம் வழியே சேமிக்கும் மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏறுவதற்குள் காபி ஆறிவிடும். ஐந்து நாட்களாக எடுத்தவை அனைத்தும் கைபேசியிலேயே தேங்கிக் கிடந்தன. விசேஷத்தன்று விடியற்காலையில் உட்கார்ந்து நிறைய அழித்து, மறுபடியும் 9 ஜிபி வரை காலி செய்திருந்தேன். நொடிக்கு 30 பிரேம் வீதம் எடுக்கும் உயர்தெளிவு 4கே காணொளி நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 பிரேம் என்றால் சுமார் 400 எம்பி என்று ஐபோனின் கேமரா அமைப்புப் பக்கமே சொல்கிறது. என் கைபேசியின் கணக்கும் அதை ஒட்டியதுதான். 9 ஜிபிக்கு ஐம்பது நிமிடம் வரும். சடங்குகளுக்கு ஐம்பது நிமிடம் எந்த மூலைக்கு?

கலசங்களை எடுத்துப் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று, முதல் குடம் நீர் மாமனார், மாமியார் இருவர் தலையிலும் விழுந்த சமயத்தில், 47ஆம் நிமிடத்தில் பதிவு தானாக நின்றது. திரையில் இடம் இல்லை என்ற அறிவிப்பு. “அத்தான், ஏன் நிறுத்திட்டீங்க?” என்று மைத்துனர் கேட்டபோது, நான் நனைந்த கட்டைவிரலால் திரையை அழுத்தி வாட்ஸ்அப் காணொளிகளை அழித்துக்கொண்டிருந்தேன், ஈர விரலுக்குத் திரை பாதிதான் பணிந்தது. மீண்டும் பதிவு தொடங்கியபோது என் மகளின் முறை முடிந்திருந்தது. அந்தப் பகுதி இப்போது எங்களிடம் மைத்துனர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய, சுருங்கிப்போன வடிவில்தான் இருக்கிறது.

அன்றிரவு யோசித்தபோதுதான் பூட்டும் இடமும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை என்பது தெளிந்தது. அடிப்படைக் கொள்ளளவு போதும் என்று விற்பவர்கள் சொல்வதற்குப் பின்னால், மீதியெல்லாம் மேகத்துக்குப் போய்விடும் என்ற அனுமானம் இருக்கிறது. மேகத்துக்குப் போக நல்ல இணைப்பு வேண்டும். பயணத்தில் மலிவான இணைப்பு தருவது உள்ளூர் சிம். அதைத்தான் பூட்டு மறுக்கிறது. ஊரில் வீட்டு வைஃபைக்குள்ளேயே இருப்பவருக்கு இந்தச் சிக்கல் தெரியாமலே மூன்று ஆண்டுகள் ஓடிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை கடல் கடப்பவருக்கு அப்படியல்ல.

பூட்டுத் திறப்பதற்கு அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2013 ஜனவரியில், கேரியரின் அனுமதியின்றிப் புதுக் கைபேசிகளின் பூட்டைத் திறக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து தரப்பட்டிருந்த விலக்கு காலாவதியானபோது, அதை எதிர்த்து வெள்ளை மாளிகைக்குச் சென்ற மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையை மீட்டுத் தந்தது. ஆனால் திறப்பது குற்றமல்ல என்றுதான் அது சொல்கிறதே தவிர, தவணை முடியும் முன் திறந்து கொடுக்க வேண்டும் என்று கேரியரைக் கட்டாயப்படுத்தவில்லை. 36 மாதத் தவணை என்பது நடைமுறையில் 36 மாதப் பூட்டாக ஆனது இப்படித்தான்.

மேகத்தின் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூகுள் போட்டோஸ் சற்றே சுருக்கிய தரத்தில் அளவில்லாமல் இலவசமாகச் சேமித்து வந்தது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது; அதன் பிறகு 15 ஜிபிக்கு மேல் பணம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் 2024 முதல் அந்த 15 ஜிபிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றாகிவிட்டது. ஐகிளவுடில் இலவசம் 2011 முதல் இன்றுவரை 5 ஜிபிதான். நான் 100 ஜிபிக்கு மாதம் 1 டாலர் 99 சென்ட் கட்டினேன். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 72 டாலர். கடையில் மிச்சப்படுத்தியதாக நினைத்த நூறு டாலரின் பெரும்பகுதி இப்படியே போயிற்று. இருந்தாலும் அந்தச் சந்தாவை நான் நிறுத்தவில்லை. கைபேசியில் எவ்வளவு இடம் இருந்தாலும் அது காப்புப் பிரதி ஆகாது. ஏரியில் விழுந்தால் 256 ஜிபியும் சேர்ந்துதான் மூழ்கும்.

2024 அக்டோபரில் கடைசித் தவணை முடிந்தது. அடுத்த மாதம் அன்லாக்டு கைபேசி வாங்கும்போது, கூடுதல் இடத்தின் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் எப்படி மாறுகிறது என்று பார்த்தேன். அந்த ஆண்டு ஐபோன் 16இல் 128 ஜிபி 799 டாலர், 256 ஜிபி 899, 512 ஜிபி 1,099. சாம்சங் கேலக்ஸி எஸ்24இல் 128இலிருந்து 256க்கு ஏற 60 டாலர்தான். கூகுளின் மலிவு வரிசையில் பிக்சல் 8ஏதான் முதன்முதலில் 256 ஜிபி பெற்றது. அங்கும் வித்தியாசம் 60 டாலர்தான், ஆனால் அமெரிக்காவில் கருநிறத்தில் மட்டும்.

கொள்ளளவு என்பது வெறும் இடம் மட்டுமல்ல என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 2023இன் கேலக்ஸி எஸ்23இல் 128 ஜிபி மாடல் பழைய யூஎஃப்எஸ் 3.1 வகை நினைவகத்தையும், 256 ஜிபி மாடல் வேகமான யூஎஃப்எஸ் 4.0 வகையையும் கொண்டிருந்தன. பெட்டியின் மேல் ஒரே பெயர்தான். நான் முதல் கைபேசி வாங்கிய அதே 2021 இலையுதிர் காலத்தில் வந்த ஐபோன் 13 புரோவிலும், அதிக இடம் பிடிக்கும் தொழில்முறைக் காணொளி வடிவமான புரோரெஸில் 4கே காணொளி எடுக்க வேண்டுமென்றால் 256 ஜிபியாவது வேண்டும். 128 ஜிபி மாடலில் அதைவிடத் தெளிவு குறைந்த 1080பியோடு நிறுத்திவிட்டார்கள். மெமரி கார்டை நம்பியிருந்தவர்களுக்கும் அந்த ஆண்டுதான் கதவு அடைபட்டது. கேலக்ஸி எஸ்6இல் நீக்கி, எதிர்ப்பு வந்ததும் எஸ்7இல் திரும்பத் தந்த கார்டு வசதியை, சாம்சங் எஸ்21இல் மறுபடியும் எடுத்துவிட்டது. அதன் பிறகு அந்த வரிசையில் அது வரவில்லை.

256 ஜிபியுடன் கழிந்த இந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் சிறப்பு. பழைய கைபேசியிலிருந்து எதையும் வடிகட்டாமல் அப்படியே மாற்றினேன். இப்போது 171 ஜிபி நிரம்பியிருக்கிறது. மகளின் பள்ளி இசை நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரம் 4கேயில் எடுத்தேன், 15 ஜிபிக்குச் சற்று மேல் ஆயிற்று, காலி இடத்தைப் பார்க்கும் எண்ணமே வரவில்லை. போன கோடையில் மதுரையில் இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டேன், இரவோடு இரவாகப் படங்கள் மேலேறின. 512 ஜிபி எடுத்திருக்கலாமோ என்று ஒருமுறை கூடத் தோன்றவில்லை; தொழிலாகக் காணொளி எடுப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அது வீண் செலவு என்பதே என் கணிப்பு. 128 ஜிபியோ, மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவருக்குப் போதாது. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17, விலையை 799 டாலரிலேயே வைத்துக்கொண்டு 256 ஜிபியிலிருந்து தொடங்கியபோது, நான்காண்டு தாமதம் என்றுதான் நினைத்தேன்.

என் அனுபவத்தை வைத்து எல்லாரும் அன்லாக்டுதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 800 டாலர் வரவு உண்மையான பணம்தான். என் மனைவி அண்மையில் கைபேசி மாற்றியபோது கேரியர் சலுகையையே தேர்ந்தெடுத்தாள். அவள் கேட்ட மாடல் 128இலிருந்து தொடங்குவது. கடையில் இந்த முறையும் 128 மட்டுமே கையிருப்பில் இருந்தது. 256க்கு முன்பதிவு செய்தால் சலுகை விலை மாறாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பன்னிரண்டாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது.