ட்விஸ்பி ஈகோ: ஒரு வருஷம் எழுதிப் பாத்தாச்சு

டப்பால ஏற்கனவே இருபத்தி மூணு பேனா தூங்குது, இன்னொண்ணு, ட்விஸ்பி ஈகோன்னு ஒரு இங்க் பேனா, ஆர்டர் போட்டேன்னு சொன்னதும் வீட்ல கேட்டாங்க, "இது மட்டும் தானா எழுதுமா?" நியாயமான கேள்விதான். எனக்கு எழுதுறதை விட மை எப்படி உள்ள போகுதுங்கறதுலதான் கிறுக்கு, அதை அவங்ககிட்ட எப்படி சொல்றது, பேசாம இருந்துட்டேன்.

நம்ம ஆளுங்களுக்கு இங்க் பேனான்னா கழுத்தை திருகி கழட்டி ஃபில்லர்ல ஊத்துறதுதான். இல்லேன்னா ஹீரோ 616, பார்க்கர் 51 ஜாடையில நிப்பு நுனி மட்டும் எட்டிப்பாக்கும், பின்னாடி கழட்டினா பையை அமுக்குற தகடு, நாலஞ்சு அமுக்கு அமுக்கினா மை ஏறிடும். நான் படிச்சது பூரா ஊத்துற பேனாலதான். ரெண்டு மூணு மில்லி சர்வசாதாரணமா பிடிக்கும், ஒரு தடவை ஊத்தினா வாரக்கணக்குல கவலை இல்ல. ஆனா மை பாதிக்கு கீழ இறங்கினா ஆரம்பிக்கும் கூத்து. உள்ள காத்து நெறைய இருக்கும், நம்ம கை சூடு பட்டு அந்த காத்து விரியும், விரிஞ்சா மையை வெளிய தள்ளும், நிப்புல இருந்து பொத்துனு ஒரு சொட்டு. நாங்க மை கக்குதுன்னு சொல்லுவோம். மச்சான் கல்யாணத்துல மொய் நோட்டுல உக்கார வச்சாங்க, பேனா பேரு வேண்டாம், 501 ரூபா எழுதின ஒருத்தர் பேரு மேலயே கக்கிடுச்சு, மிச்சம் என் வெள்ளை சட்டையில. அவரு இன்னும் என்னைப் பாத்தா அந்த கணக்கு சரியா ஏறுச்சான்னு கேப்பாரு. எபொனைட், அதான் கெட்டி ரப்பர், அதுல செஞ்ச பேனான்னா இந்த தொல்லை கம்மி, சூடு லேசுல உள்ள போகாது, திருவள்ளூர் ரங்கா பேனாவை எல்லாம் ஆளுங்க தேடிப்போய் வாங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். மரைல துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, பாதி குறையறதுக்குள்ள மறுபடி ரொப்பிட்டா போதும்.

கார்ட்ரிட்ஜ், அதான் மை அடைச்சு விக்கிற குட்டிக் குழாய், எனக்கு ஆகாது. லாமி பேனாவுக்கு உள்ளது பைலட் பேனாவுக்கு சேராது, பைலட்டுக்கு உள்ளது வேற எதுக்கும் சேராது. கன்வெர்ட்டர், அதே இடத்துல மாட்டி பாட்டில்ல இருந்து மை இழுக்குற குழாய், அது பரவால்ல, கழுவ சுலபம், ஆனா நெறைய கன்வெர்ட்டர்ல ஒரு மில்லி கூட பிடிக்காது, தினம் நாலு பக்கம் எழுதுறவனுக்கு அது எந்த மூலைக்கு.

சரி ஈகோவுக்கு வரேன். தைவான் பேனா, பிஸ்டன், அதாவது உடம்புக்குள்ளயே ஒரு அடைப்பான் ஏறி இறங்கி மை இழுக்கும். பிஸ்டன் ஒண்ணும் புதுசில்ல, கோவாச்னு ஒரு ஹங்கேரி இன்ஜினியரோட ஐடியாவை வாங்கி ஜெர்மனி பெலிகன் கம்பெனிக்காரன் 1929லயே பேனா விட்டுட்டான். ஆனா ரொம்ப நாளா பிஸ்டன்னாலே காசு ஜாஸ்தி. ட்விஸ்பி அதை மூவாயிரம் சொச்சத்துக்கு கண்ணாடி மாதிரி உடம்புல குடுத்துட்டான், நான் விழுந்தது அங்கதான். நிப்பை பாட்டில்ல முழுசா முக்கி, பின்னாடி குமிழை திருகினா கறுப்பு அடைப்பான் முதல்ல கீழ வரும், குமிழ் குமிழா காத்து போகும், எதிர்ப்பக்கம் திருகினா மை அதோட பின்னாடியே ஏறி வரும் பாருங்க, அதை பாக்கறதுக்கே பாதி மை இருக்கும்போதே ரொப்புறேன். முதல் இழுப்புல முழுசா ஏறாது, மேல கொஞ்சம் காத்து நிக்கும், நிப்பை மேல பாத்து பிடிச்சு காத்தை தள்ளிட்டு மறுபடி முக்கி இழுங்க. அப்புறம் மூணு சொட்டு பாட்டில்லயே திருப்பி விட்டுட்டு நிப்பை துணியில ஒத்தி எடுங்க, இல்லேன்னா மூடி உள்ள பூரா மை.

நிப்பு ஸ்டீல், நான் வாங்கினது எஃப், அதாவது ஃபைன். பைலட் எஃப் பழகினவங்களுக்கு ஒரு சைஸ் தடிமனா தெரியும், சாதா நோட்டுல எழுதினா இன்னும் பரவும், எக்ஸ்ட்ரா ஃபைன் எடுத்துக்கங்க. வளையவே வளையாது, வழுக்கிட்டு போகும். மூடி ஆறு பட்டை, மேஜைல உருளாது. அதையே பின்னாடி மாட்டி எழுதினா பின்பக்கம் கனம், நான் மாட்டுறதில்ல.

ஒரே ஒரு சங்கடம், கழுவுறது. கன்வெர்ட்டர்னா ரெண்டு நிமிஷ வேலை, இதுல சிவப்புல இருந்து நீலத்துக்கு மாறணும்னா தண்ணியை இழுத்து விட்டு இழுத்து விட்டு விரல் நோகும். டப்பாலயே குட்டி ஸ்பேனரும் கிரீஸும் தரான், பிஸ்டனையே கழட்டிடலாம், ஆனா மாசாமாசம் அதை பண்ணிட்டு இருக்க பொறுமை வேணும். மின்னுற இங்க் எல்லாம் இதுல போடாதீங்க. வாரம் ஒரு கலர் மாத்துற ஆளா, கன்வெர்ட்டர் பேனாவே வாங்குங்க. ஒரே நீலம்தான் வருஷம் பூரான்னா இதை கண்ண மூடிட்டு வாங்கலாம்.

நண்பர்கிட்ட பைலட் கஸ்டம் 823 எழுதிப் பாத்தேன், வேக்குவம். தண்டை வெளிய இழுத்து ஒரே அமுக்கு, கடைசில சர்ருனு மை பாயும், சொக்கிப்போயிட்டேன். ஆனா நெறைய எழுதணும்னா பின்குமிழை கொஞ்சம் தளர்த்தி வைக்கணும், இல்லேன்னா மை அடைபட்டு நின்னுடும். விலையை கேட்டு மூடி வச்சிட்டேன்.

இப்போ ஈகோ கழுவுற வேலை எங்க பாப்பாவோடது. டம்ளர் தண்ணியும் பேனாவும் குடுத்தா அரை மணி நேரம் சத்தமே இருக்காது, பாத்ரூம் சுவர்தான் நீலமாயிட்டு இருக்கு.