சிசிஎன்ஏ பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"தேர்வில் லேப் எல்லாம் வராது, தம்பி. நான்கு விடையில் ஒன்றைத் தட்டிவிட்டு வர வேண்டியதுதான்." நெட்வொர்க் வேலைக்கு உதவும் சிசிஎன்ஏ சான்றிதழுக்காகக் கோவையில் நான் சேர்ந்த பயிற்சி நிலையத்தின் நிர்வாகி இப்படிச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. லேப் என்றால் கட்டளைகளை அடித்து வலையமைப்பை அமைத்துக் காட்ட வேண்டிய கேள்வி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரவுப் பணியில் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களை மாற்றிக் கொடுத்தே நான்கு வருடம் ஓட்டியவன் நான். எப்படியாவது நெட்வொர்க் பிரிவுக்கு மாறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். சுலபம் என்று யார் சொன்னாலும் நம்பியிருப்பேன்.

2024 தீபாவளி போனஸ் கையில் இருந்தது. பயிற்சிக்கு 18,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் என்று தனியாக 38,000. சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். வரியைச் சேர்த்தாலும் அன்றைய கணக்கில் ஏறக்குறைய முப்பதாயிரம்தான் வரும். மீதி எதற்கு என்று கேட்டேன். தோற்றால் மறுதேர்வு இலவசம், அதற்கான தொகை அது என்றார். எழுதித் தாருங்கள் என்று கேட்கும் புத்தி அப்போது எனக்கு வரவில்லை.

வகுப்பில் ரவுட்டர்கள் வழியறியப் பயன்படும் ஈஐஜிஆர்பி என்ற நெறிமுறை மட்டும் இரண்டு வாரம் நடந்தது. அதன் கணக்குச் சூத்திரத்தைப் பலகையில் எழுதி எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார் ஆசிரியர். அடுத்து சுவிட்சுகளுக்கான விடிபி என்ற நெறிமுறை. இரண்டுமே 2020இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டவை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசி மாதம் வகுப்பே இல்லை. ஒரு பிடிஎஃப் கொடுத்து, "இதைத் தாண்டி ஒரு கேள்வியும் வராது" என்றார்கள். டம்ப், அதாவது தேர்விலிருந்து கசிந்ததாகச் சொல்லி விற்கும் கேள்வித் தொகுப்பு. முந்நூற்றுச் சொச்சம் கேள்விகள், விடைகளோடு. அதில் பப்பெட், செஃப் என்ற தானியங்கிக் கருவிகள் பற்றி மட்டுமே பத்துக் கேள்விகளுக்கு மேல் இருந்தன.

2025 பிப்ரவரியில் தேர்வு மையத்தில் உட்கார்ந்தேன். 120 நிமிடம். தொடக்கத்திலேயே திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் வலையமைப்பின் வரைபடமும் செய்ய வேண்டிய வேலைகளும். மறுபக்கம் கருப்புத் திரையில் சிமிட்டிக்கொண்டிருந்த கர்சர். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே டிரங்க் என்ற பொது இணைப்பை அமைத்து, குறிப்பிட்ட விலேன்களை, அதாவது உள்ளே பிரித்த தனி வலையமைப்புகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கான கட்டளையை ஒரு முறையாவது என் விரலால் அடித்திருக்கிறேனா? இல்லை. பயிற்சி நிலையத்தின் கண்ணாடி அலமாரியில் ரவுட்டர்கள் இருந்தன. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி.

அதில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் போனது. இந்தத் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் மறுபடி அதற்குத் திரும்ப முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை, முடிக்கவும் தெரியவில்லை. பின்னால் மேலும் லேப்கள் வந்தன. ஓஎஸ்பிஎஃப் என்ற வழியறியும் நெறிமுறைக்கான லேபில் என்ன தட்டினேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேறவில்லை. மதிப்பெண் அட்டையில் ஐபி இணைப்புப் பிரிவுதான் மிகக் குறைவு. மொத்தத் தேர்வில் 25 சதவீத எடை அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து தேடியபோது எல்லாம் விளங்கியது. 2020 பிப்ரவரி 24 அன்று பழைய பல சிசிஎன்ஏக்களை ஒன்றாக்கி 200-301 என்ற ஒரே தேர்வைக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் அதில் லேப் இல்லை. நிர்வாகி சொன்னது அந்தக் காலத்து உண்மை. 2022இல் லேப்கள் திரும்பி வந்துவிட்டன. 2024 ஆகஸ்ட் 20 முதல் பாடத்திட்டத்தின் 1.1 பதிப்பு. பப்பெட்டும் செஃபும் போய், டெராஃபார்ம் என்ற வேறு தானியங்கிக் கருவி வந்தது. செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தது. தேர்வு எண் மட்டும் மாறவில்லை, அதே 200-301. பழைய சரக்கைப் புது விலைக்கு விற்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

டம்ப் விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. பிடிபட்டால் தேர்வையே ரத்து செய்து, இனி எழுதவும் தடை போடுவார்கள் என்பதைத் தேர்வின் ஒப்பந்தத்தில் பிறகுதான் படித்தேன். ஒருவேளை தேறியிருந்தாலும் அந்தப் பயத்தோடுதான் சான்றிதழை நீட்டியிருப்பேன்.

நிர்வாகியிடம் போனேன். "உங்கள் அதிர்ஷ்டம், லேப் வந்துவிட்டது" என்றார். மறுதேர்வு? அந்தச் சலுகை வேறு குழுவுக்காம். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'கணினிப் பயிற்சி' என்று மட்டும் இருக்கிறது. தேர்வு என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நண்பர் சொல்கிறார். கையில் இருக்கும் இந்த ரசீதை வைத்து எதை நிரூபிப்பது?

சேரப்போகிறவர்கள் சிஸ்கோவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேர்வுத் தலைப்புகளை இறக்கி, கையோடு கொண்டு போய் மேசையில் வையுங்கள். இதில் எந்தப் பகுதியை எந்த வாரம் நடத்துவீர்கள் என்று கேளுங்கள். ஈஐஜிஆர்பி என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம். தேர்வுக்கு நீங்களே உங்கள் கணக்கிலிருந்து பணம் கட்டுங்கள். எவரையும் இடையில் விடாதீர்கள். லேப் பழக சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். இப்போது நான் தினமும் அதில்தான் கிடக்கிறேன். தோற்றவர்கள் ஐந்து நாள் கழித்தே மறுபடி எழுதலாம். எனக்கு மறுபடி 300 டாலர் சேர்க்கவே ஐந்து மாதம் ஆகும்.

என்னோடு படித்த ஒரு பையனுக்கு அடுத்த வியாழன் தேர்வு. நேற்று அவனை அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, பிடிஎஃப்பில் எந்த எந்த நம்பர் கேள்விகள் வந்தன?" என்கிறான்.