உள்ளேயே ஹார்டு டிஸ்க்கா, பின்னால் பென் டிரைவா?

டிவி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பார்க்க இரண்டு வழி உண்டு: ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கும் ரெக்கார்டர் பாக்ஸ், இல்லையென்றால் யுஎஸ்பி சொருகிப் பதியும் சாதாரண செட்டாப் பாக்ஸ்.

விலையில் யுஎஸ்பி மலிவு. ஆனால் அதில் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் பெரும்பாலும் ஒன்றுதான். அம்மாவின் சீரியல் பதிவாகும்போது அப்பா கிரிக்கெட்டுக்கு மாற்ற முடியாது, வீட்டில் சண்டைதான். இரண்டு ட்யூனர் உள்ள ரெக்கார்டரில் ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். சீரியலை ஒருமுறை குறித்துவிட்டால் தினமும் தானே பதியும். வைகாசி 1 அன்று குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குக் குடும்பமே கிளம்பிப் போனாலும் எபிசோடு பத்திரமாக இருக்கும், கரண்ட் போகாதவரை. கரண்ட் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், பாக்ஸை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். தினமும் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு ரெக்கார்டர்தான் என் ஓட்டு.

யுஎஸ்பியில் பதிந்த கட்டணச் சேனல்கள் பெரும்பாலும் அதே பாக்ஸில்தான் ஓடும். காட்பாடியில் பதிந்ததை ஆரணியில் அக்கா வீட்டு டிவியில் சொருகினால் ஒன்றும் வராது. எச்டி என்றால் ஒரு மணி நேரமே சில ஜிபி பிடிக்கும். சின்ன பென் டிரைவ் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ரெக்கார்டருக்கு எதிரி வேலூர் வெயில். கத்திரி நாளில் கதவு மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் பாக்ஸின் மேல்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். உள்ளே ஹார்டு டிஸ்க் போனால் பதிவுகளும் போச்சு, பாக்ஸும் சர்வீஸுக்குப் போகும். யுஎஸ்பியிலும் பதிவுகள் போகும்தான், ஆனால் வேறு டிரைவ் சொருகி அன்றைக்கே மறுபடி பதியலாம்.