ஒட்டிய பின்மூடியைத் திறக்க: ப்ளோயரா, ஹாட் பிளேட்டா, ஆல்கஹாலா?

பேட்டரி உப்பி, பின்மூடியின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஃபோன் ஒன்று வேலை மேசைக்கு வந்தால், அதை எப்படித் திறப்பது என்பதில் கடைக்குக் கடை வழக்கம் மாறுகிறது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடைகளில் ஒருவர் உடனே சூடான காற்றை ஊதும் ப்ளோயரைக் கையில் எடுப்பார். இன்னொருவர் ஃபோனை ஹாட் பிளேட் என்னும் சூடேறும் தட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். வெப்பமே வேண்டாம் என்று சிரிஞ்சில் ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டு உட்காருபவர்களும் இருக்கிறார்கள். மூன்று வழிகளிலும் ஃபோன்களைத் திறந்து, மூன்றிலும் சிலவற்றைக் கெடுத்த பிறகு, எந்த ஃபோனுக்கு எது என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பின்மூடியைப் பிடித்திருக்கும் பசைநாடா 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இளகிக் கொடுக்கும். அந்த மூடிக்குச் சில மில்லிமீட்டர் அடியில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கோ, பயன்பாட்டில் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாக விதிக்கும் எல்லை. 80, 90 டிகிரியைக் கடந்தால் பேட்டரியின் எதிர்முனையில் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்தச் சிதைவே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். 130 டிகிரி வாக்கில் இரு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகிவிடும். ஆக, பசை இளக வேண்டிய வெப்பமும் பேட்டரி தாங்கக்கூடிய வெப்பமும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மூடியின் ஓரம் சூடேறி, அந்தச் சூடு உள்ளே இறங்குவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில்தான் வேலை நடந்தாக வேண்டும். மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது இந்தச் சில நிமிடங்களை வைத்துத்தான்.

ப்ளோயரின் பெரிய பலம் வேகம். சாலிடரிங் வேலைக்காக ஏற்கெனவே மேசையில் இருக்கும் கருவி என்பதால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஓரத்தில் மட்டும் காற்றைச் செலுத்தலாம். பசை பிடிவாதமாக நிற்கும் மூலையை மட்டும் தேடிச் சூடாக்கலாம். ஆனால் அதன் திரையில் தெரியும் எண் காற்று வெளியேறும் முனையின் வெப்பம். கண்ணாடியின் வெப்பம் அன்று. முனையை இரண்டு விரற்கடை அருகில் கொண்டுபோனாலும், ஒரே இடத்தில் ஐந்து விநாடி கூடுதலாக நிறுத்தினாலும் கண்ணாடி எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதைக் கருவி சொல்லாது. கைப்பழக்கம்தான் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், திரைப்பக்கமாகத் திறக்க வேண்டிய ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) ஃபோன் ஒன்றில் கீழ் மூலை விட்டுக்கொடுக்காததால், அங்கேயே காற்றை நிறுத்திக்கொண்டிருந்தேன். மூலை விட்டுக்கொடுத்தது. பேட்டரியை மாற்றி, மூடி, ஆன் செய்தபோது அந்த மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. அந்த ஃபோனுக்குத் திரையை என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு, கருவியின் முனையை எப்போதும் அசைத்துக்கொண்டே இருப்பது என் கைக்குத் தானாக வந்துவிட்டது. பிளாஸ்டிக் பின்மூடிகளில் ப்ளோயரைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல பசையே இல்லாமல் கொக்கிகளால் மாட்டப்பட்டவை. மெல்லிய ஓப்பனரை ஓரத்தில் நுழைத்து ஓட்டினால் டக் டக்கென்று கழன்றுவிடும். சூடாக்கினால் மூடி நெளிந்து, திரும்பப் பொருந்தாமல் போவதுதான் மிச்சம்.

ஹாட் பிளேட் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. 75 அல்லது 80 என்று வைத்துவிட்டால் அதற்கு மேல் அது ஏறாது. மறந்துபோய் இரண்டு நிமிடம் அதிகமாக விட்டாலும் ஃபோன் கருகாது. கண்ணாடிப் பின்மூடி முழுவதும் ஒரே சீராகச் சூடேறுவதால், ஒரு மூலை இளகி மறு மூலை இறுகி நின்று, நெம்பும்போது நடுவில் விரிசல் விழும் விபத்து வெகுவாகக் குறைகிறது. பின்கண்ணாடி விலை உயர்ந்த ஃபோன்களில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். குறைகளும் உண்டு. கேமரா மேடு துருத்திக்கொண்டிருக்கும் ஃபோன்கள் தட்டின்மேல் சமமாகப் படியாது; மேட்டுக்கென்று பள்ளம் வெட்டிய தட்டோ, இடைவெளியை நிரப்பும் சிலிக்கான் விரிப்போ இல்லாவிட்டால் மேல் பாதி சூடேறாமலே இருக்கும். இன்னொன்று, தட்டு ஓரத்தை மட்டும் சூடாக்குவதில்லை; நடுவில் இருக்கும் பேட்டரியையும் சேர்த்தே சூடாக்குகிறது. நான்கைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் மேற்பரப்பின் சூடு உள்ளே முழுமையாக இறங்கியிருக்காது. கால் மணி நேரம் விட்டால் இறங்கியிருக்கும். எனவே ஃபோனைத் தட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போகிறவர், கைபேசியில் அலாரம் வைத்துவிட்டுப் போவது நல்லது.

தட்டிலிருந்து எடுத்ததும் உறிஞ்சுகப்பைக் கீழ் ஓரத்தில் வைத்து இழுத்து, மயிரிழை இடைவெளி தெரிந்தவுடன் கிடார் பிக் எனும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகுவதுதான் வழக்கம். கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தால் விரிசல் வழியாகக் காற்று புகுந்து கப் பிடிக்காது. உடைந்த பரப்பின்மேல் அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, அதன்மேல் கப்பை வைத்தால் பிடிக்கும், சிதறலும் கையில் குத்தாது. பிக்கை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடுவதுதான் ஹாட் பிளேட்காரர்கள் செய்யும் பொதுவான தவறு. பசை நன்றாக இளகியிருப்பதால் பிக் வெண்ணெயில் போவதுபோல் போகும், போகிற போக்கில் வயர்லெஸ் சார்ஜிங் சுருளையோ பின்பக்க விரல்ரேகை உணரியின் பட்டைக் கம்பியையோ அறுத்துவிடும். அறுந்த கம்பியைக் காட்டி, இது முன்பே அறுந்திருந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் கடைகளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

இப்போது உப்பிய பேட்டரிக்கு வருகிறேன். அந்த ஃபோனுக்கு ப்ளோயர், ஹாட் பிளேட் இரண்டுமே கூடாது. உள்ளே ஏற்கெனவே வாயு சேர்ந்து, அடுக்குகள் விலகி நிற்கும் பேட்டரியை மேலும் சூடாக்குவது தேவையில்லாத ஆபத்து. நல்லவேளையாக, உப்பலே பாதி வேலையைச் செய்துவிட்டிருக்கும். பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஓரம்தான் ஆல்கஹாலுக்கு வாசல். சிரிஞ்சின் முனையை அந்த இடைவெளியில் வைத்து இரண்டு மூன்று துளிகளை விட்டு, ஃபோனைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஓரிரு நிமிடம் பொறுத்தால், பசையின் பிடி தளர்ந்து பிக் தானாக முன்னேறும். ஓரமாக நகர்ந்துகொண்டே துளித்துளியாக விட்டுக்கொண்டு போக வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகலாம். கூட்டம் அலைமோதும் கடையில் இந்த வழி செல்லுபடியாகாமல் போவது இதனால்தான். வீட்டில் செய்பவருக்கு அந்த அரை மணி நேரம் ஒரு பொருட்டில்லை.

ஆல்கஹாலில் கவனிக்க வேண்டியவை வேறு வகை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் கனெக்டர்களுக்கு அடியில் தங்கிப் பச்சை பூக்கும். 99 சதவீதம் என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். எல்சிடி திரை கொண்ட ஃபோன்களில் அளவுக்கு மீறி விட்டால், திரையின் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்களுக்கு இடையே ஊறிப்போய், வெள்ளைப் பின்னணியில் நீர்க்கறைபோல் நிரந்தரமாகத் தெரியும். ஓஎல்இடியில் அந்தத் தாள்களே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. மிக முக்கியமானது, இதையும் ப்ளோயரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 82 டிகிரியில் கொதித்துவிடும். அதன் ஆவி நம் அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. ஆல்கஹால் விட்டும் பசை அசையவில்லை, கொஞ்சம் சூடு காட்டலாம் என்று நினைப்பவர் அது முழுவதும் ஆவியாகி, வாசனை போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மூடி திறந்த பிறகும் பசையோடு உறவு முடிவதில்லை. பேட்டரியும் ஃபோனின் சட்டத்தோடு ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு சிறு விஷயங்கள். பேட்டரியின் கனெக்டரைக் கழற்றாமல் வேறு எந்த கனெக்டரையும் தொடக் கூடாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் கனெக்டரைப் பிடுங்கினால் போர்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், பின்னொளிச் சுற்றின் ஃபியூஸ் போய், ஃபோன் ஒலி கேட்டும் முகம் காட்டாமல் கிடக்கும். கழற்றும் திருகுகளை எடுத்த வரிசையிலேயே காந்த விரிப்பிலோ, ஃபோனின் படம் வரைந்த தாளில் டேப் ஒட்டியோ வைக்க வேண்டும். ஐஃபோன் 5எஸ் போன்ற ஃபோன்களில் கனெக்டர் மூடித் தகட்டின் திருகுகளுக்குள் அரை மில்லிமீட்டர்தான் நீள வித்தியாசம். நீளமானதைக் குட்டையானதன் துளையில் முறுக்கிவிட்டால் அது போர்டின் உள்ளடுக்குக் கம்பிகளையே அறுத்துவிடும். திருப்புளியை எடுத்தவர் திருகையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் பசையில்தான் நிறுவனங்களுக்கு இடையே உண்மையான வித்தியாசம் தெரிகிறது. சீன நிறுவனங்களின் பல ஃபோன்களில் பேட்டரியை ஒரு மெல்லிய தாளால் சுற்றி, பிடித்து இழுக்க ஒரு காதும் வைத்திருக்கிறார்கள். அதை மெல்ல இழுத்தால் கருவியே இல்லாமல் பேட்டரி எழும்பி வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். ஐஃபோன்களில் பல ஆண்டுகளாக இருப்பது இழுத்தால் ரப்பர்போல் நீண்டுகொண்டே வந்து உருவிக்கொள்ளும் வெள்ளைப் பட்டை. புதிதாக இருக்கும்போது அருமையானது. மூன்று நான்கு ஆண்டுகள் சூட்டில் கிடந்து காய்ந்தபின் பாதியில் அறுந்துவிடும். அப்போது மீண்டும் அதே ஆல்கஹால்தான் கைகொடுக்கும்: பேட்டரியின் மேல் ஓரத்தில் நான்கு துளி விட்டு, பற்களுக்கிடையே ஓட்டும் நூலை அடியில் கொடுத்து அரிவாள்மணையில் நறுக்குவதுபோல் இழுத்து இழுத்துக் கொண்டுவர வேண்டும். உலோக நெம்புகோலை இங்கே கொண்டுவருகிறவர் தீயோடு விளையாடுகிறார். பேட்டரியில் மின்னூட்டம் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே ஃபோனைத் திறக்க வேண்டும் என்பதும், மேசைக்கு அடியில் ஒரு தகரத்தில் மணல் இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கட்டத்துக்காகத்தான்.

ஐஃபோன் 16, 16 பிளஸ் இரண்டிலும் ஆப்பிள் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறது. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளைக் கவ்விக் கம்பிகளால் ஃபோனுக்குள் அதற்கென்று உள்ள இடங்களோடு இணைத்து ஒன்றரை நிமிடம் மின்சாரம் செலுத்தினால், ஃபோன் பேட்டரியின் அடியில் இருக்கும் பசை பிடியை விட்டுவிடுகிறது. வெப்பமும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை, நூலும் இல்லை. நான் பார்த்த பசைகளில் இதுவே ஆகச் சிறந்தது. ஆனால் அந்தப் பேட்டரிக்குப் போய்ச் சேர்வதற்கு மூடியைத் திறக்கும் பழைய பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. ஐஃபோன் எக்ஸ்எஸ் தொடங்கி, நிறுவனம் அடையாளம் காணாத பேட்டரியைப் போட்டால் அது அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று ஃபோன் அறிவிப்புக் காட்டும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நம் கைவேலையில்தான் குறை இருப்பதாக நினைப்பார்கள்.

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை வேண்டும் என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. 2014-இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்5, நகத்தால் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பின்மூடியும் கையால் எடுக்கக்கூடிய பேட்டரியும் வைத்துக்கொண்டே ஐபி67 தரத்தில், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த எஸ்6-இல் கண்ணாடியும் பசையும் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஃபோன்களுக்கு அதில் சில விலக்குகளும் உண்டு. நம் மேசைக்கு வரும் ஃபோன்களில் அது எப்போது தெரியும் என்பது வேறு விஷயம்.

திரும்ப மூடும்போதும் இரண்டு வழிகள் இருக்கின்றன. அந்த மாடலுக்கென்றே வெட்டிய பசைநாடா சீரான தடிமன் கொண்டது. பழைய பசையை ஆல்கஹால் தோய்த்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒட்டி, சற்றே சூடுகாட்டி அழுத்தினால், அடுத்த நிமிடமே ஃபோனைக் கொடுத்துவிடலாம். பி7000 என்ற குழாய்ப் பசை எல்லா மாடலுக்கும் பொருந்தும், விலையும் குறைவு. ஓரத்தில் சட்டம் சற்று வளைந்திருந்தால் அந்த இடைவெளியையும் நிரப்பிவிடும். ஆனால் கை கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் பிதுங்கி, மைக் துளையை அடைத்துக்கொள்ளும். முழுதாக இறுகுவதற்கு ஒரு நாளாவது வேண்டும் என்பதால், அதுவரை நான்கு பக்கமும் கவ்விகளோ ரப்பர் பேண்டுகளோ போட்டு வைக்க வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் பழைய தண்ணீர்த்தடுப்பு திரும்பிவிட்டது என்று யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு பி7000. "அண்ணே, அரை மணி நேரத்துல வேணும், ஃபோன் கால் வரும்" என்று கடை வாசலிலேயே நிற்பவருக்குப் பசைநாடா.